போன மாதத்திலேயே ஓடிய கணினி

இடம் போதவில்லை என்று கணினி முனகியதும் டெம்ப் டைரக்டரியைத் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் மொத்தமாகக் குறித்து, ஒரே தட்டில் அழித்துவிட்டு டீ குடிக்கக் கிளம்புகிறீர்களே, அந்த வேகத்தைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஒரு காலத்தில் எனக்கும் அந்த வேகம் இருந்தது. அந்த வேகத்தில் என்னென்ன செய்தேன் என்று முழுதாக எழுதினால், பிரிவுபசார விழாவில் எனக்குப் போர்த்திய சால்வையைக் கம்பெனி திருப்பிக் கேட்கும்.

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். சாதனைகளை எழுதச் சொல்லியிருந்தால் அரைப் பக்கத்தில் முடித்திருப்பேன், அதிலும் பாதி பொய்யாக இருக்கும். அனுபவம் என்றார்கள். அதனால் தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடியில் கழிந்த ஒரு பகல் பொழுதை எழுதுகிறேன். காலை பதினொன்றரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடிந்த விஷயம். அந்த ஆறு மணி நேரத்தில் கற்றதை வைத்துத்தான் மிச்ச சர்வீஸை ஓட்டினேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தலைமை அலுவலகம் மதுரையில். காரைக்குடி வட்டாரத்துக்கு நான் ஒருத்தன்தான் சர்வீஸ் இன்ஜினியர். பள்ளத்தூரிலிருந்து குன்றக்குடி வரை எந்தக் கணினி மக்கர் பண்ணினாலும் நான்தான் போக வேண்டும். இன்றைக்கு நீங்கள் போனால் வாடிக்கையாளர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. அன்றைக்கு நான் போனால் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைப்பார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் கணினி அறைக்குள் நுழைய வேண்டும். திரைக்கு மேலே சந்தனமும் குங்குமமும் இருக்கும். கோயில் குருக்களுக்குக் கிடைக்கிற மரியாதையில் முக்கால்வாசி எனக்கும் கிடைத்தது. ஓர் இளைஞனைக் கெடுக்க அது போதும்.

டெம்ப் கோப்பு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் இதை வீட்டில் யாருக்காவது படித்துக் காட்டுவீர்கள் என்ற நப்பாசையில் சொல்கிறேன். ஒரு வேலை நடக்கும்போது புரோகிராம் தனக்காகப் பக்கத்தில் வைத்துக்கொள்கிற கிறுக்கல் தாள் அது. வேலை ஒழுங்காக முடிந்தால் புரோகிராமே அதைக் கிழித்துப் போட்டுவிடும். நடுவில் கரண்டு போனால் தாள் அப்படியே கிடக்கும். அப்படிக் கிடப்பதெல்லாம் சேர்ந்துதான் டிஸ்க் நிறைகிறது. அதில் எது குப்பை, எது இன்னொருவருடைய உழைப்பு என்று பார்த்துச் சொல்லத்தான் கம்பெனி நம்மை வைத்திருக்கிறது. அழிக்க யாருக்கும் தெரியும்.

மதுரையில் பயிற்சி கொடுத்தபோது ஒரு தாளில் மூன்று வரி தட்டச்சு செய்து கொடுத்தார்கள். ஒன்று, தேதியைப் பார்க்கவும். ஒரு வாரத்துக்கு மேல் பழையது என்றால் அழிக்கலாம். இரண்டு, எந்தப் புரோகிராமும் ஓடாதபோது மட்டும் அழிக்கவும். மூன்று, பயன்படுத்துகிறவரிடம் கேட்கவும். முதல் இரண்டும் தொழில்நுட்பம் என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாவது வரி, கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை நாடும்' என்று போடுகிற மாதிரி மரியாதைக்குச் சேர்த்தது என்று நானே முடிவு செய்துகொண்டேன். இன்ஜினியர் போய் ஆபரேட்டரிடம் என்ன கேட்பது?

அந்தப் பகல் கழிந்த அச்சகம் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. முன்பக்கம் பழைய அச்சு இயந்திரம் தடதடத்துக்கொண்டிருக்கும். பின்பக்க அறையில் ஒரு கணினி, ஒரு லேசர் பிரிண்டர், அதை ஓட்டுவதற்கு ஆரோக்கியமேரி என்ற பெண். மேரி தட்டச்சில் ஹையர் தேறிவிட்டு இரண்டு வருஷம் வேலை தேடி அலைந்து, கடைசியில் இங்கே சேர்ந்தவள். பக்கம் கட்டுவதைத் தானே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். முதலாளி விவசாயக் குடும்பத்துக்காரர். கணினியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் சுவிட்ச் இருக்கும் இடம் மட்டும்தான். அதையும் மேரிதான் போடுவாள்.

அன்றைக்கு அந்தக் கணினிக்குள் ஒரு மணிவிழா மலர் இருந்தது. பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் தன் கணவரின் அறுபதாம் கல்யாணத்துக்காகப் போடுகிற புத்தகம், தொண்ணூற்றாறு பக்கம். வாழ்த்துரைகள், குடும்ப வரலாறு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பங்காளி வீட்டுப் பெயர்கள். எந்த வீட்டுப் பெயர் முதலில் வரும், எந்த வீட்டுப் பெயர் அதற்கு அடுத்து வரும் என்பதை ஆச்சி மூன்று வாரமாக மேரியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாற்றி மாற்றிச் சொல்லித் திருத்தியிருந்தார். கையெழுத்துப் பிரதியில் இருந்த வரிசைக்கும் கணினியில் இருந்த வரிசைக்கும் சம்பந்தமே கிடையாது. ஏழு வீட்டாரும் ஒருவழியாக ஒத்துக்கொண்ட வரிசை உலகத்திலேயே அந்த ஒரு டிஸ்கில் மட்டும்தான் இருந்தது. அன்று மாலை ஐந்தரை மணி மதுரை பஸ்ஸில் அச்சகத்து ஆள் பக்கங்களை எடுத்துக்கொண்டு, புத்தகம் அச்சாகும் சிவகாசிக்குக் கிளம்ப வேண்டும். தப்பினால் விழாவுக்குப் புத்தகம் வராது.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான்தான் கேட்கவில்லையே.

முதலாளி போனில் சொன்னது டிஸ்க் நிறைந்துவிட்டது என்பது மட்டும். போய் இறங்கியதும் மின்விசிறி என் பக்கம் திரும்பியது.

"வாங்க தம்பி. காலையில கரண்டு வேற போயிருச்சு. எடம் இல்லைங்குது மிஷினு. கொஞ்சம் எடம் பண்ணிக் குடுத்தீகன்னா புள்ள அதுபாட்டுக்கு வேலையப் பாக்கும்" என்றார் முதலாளி. பிறகு மேரியைப் பார்த்து, "ஏம்மா, இன்ஜினியருக்குக் காப்பியும் வடையும் வாங்கியா. பிளாஸ்க்க எடுத்துக்க" என்றார்.

மேரி எழுந்தாள், ஆனால் கிளம்பவில்லை.

"சார், பத்து நிமிசத்துல வந்துருவேன். வந்து ஒரு விசயம் சொல்லணும். அதுவரைக்கும் எதையும் தொடாம இருக்கீகளா?"

எனக்குச் சுருக்கென்றது. தொடாமல் இருக்கவா மதுரையில் ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள்? சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அவள் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒருத்தி எனக்காக வெயிலில் வடை வாங்கப் போயிருந்த நேரத்தில்தான் நான் அவளுடைய மூன்று வார வேலையை அழித்தேன் என்பதை நீங்கள் மறக்காமல் இருந்தால் போதும், மற்றதை மறந்துவிடலாம்.

பொறுப்பில்லாமல் செய்தேன் என்று நினைக்காதீர்கள். மிகுந்த பொறுப்போடு செய்தேன். எந்தப் புரோகிராமும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். டெம்ப் டைரக்டரியைப் பட்டியல் போட்டுப் பார்த்தேன். முப்பத்து நான்கு கோப்புகள். ஒவ்வொன்றின் தேதியையும் விரல் வைத்துப் பார்த்தேன். எதுவுமே அந்த வாரத்துக் கோப்பு இல்லை. எல்லாவற்றிலும் புதியதற்கே வயது மூன்று வாரம். அந்தப் புதியதுதான் இருப்பதிலேயே பெரியதும்கூட, ஒன்பது எம்.பி. அந்தக் காலத்து டிஸ்கில் ஒன்பது எம்.பி. என்பது ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கிற பீரோ. இவ்வளவு பெரிய கிறுக்கல் தாளில் யார், என்னத்தைக் கிறுக்கியிருப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். இவ்வளவு இடம் ஒரே கோப்பில் கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

முப்பத்து நான்கையும் அழித்தேன். இருபத்திரண்டு எம்.பி. காலியானது. அதோடு விட்டேனா? டிஸ்கில் சிதறிக் கிடக்கிற கோப்புகளையெல்லாம் நகர்த்தி ஒழுங்காக அடுக்குகிற கட்டளையையும் கொடுத்தேன். யாரும் கேட்காத உபகாரம் அது. தொடங்கலாமா என்று திரை கேட்டது. என்டர் விசைமேல் விரலை வைத்தபோது மேரி உள்ளே வந்தாள்.

"முடிஞ்சிருச்சு. இருபத்திரண்டு எம்.பி. இடம் இருக்கு" என்றேன்.

அவள் பிளாஸ்க்கை மேசையில் வைக்கவில்லை.

"டெம்ப்ல இருந்தத அழிச்சுட்டீகளா?"

"எல்லாம் பழசும்மா. போன மாசத்துப் பைல்."

"இந்த மிஷின்ல இன்னைக்கே போன மாசந்தான் சார்."

எனக்குப் புரியவில்லை. அவள் நின்றபடியே சொல்லி முடித்தாள். அதை இங்கே எழுதினால்தான் உங்களுக்கும் புரியும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல நேரத்தில் மலர் வேலையைத் தொடங்குவதாக ஏற்பாடு. பள்ளத்தூர் பஸ் தாமதமாகி, ஆச்சி வந்து சேரும்போது மணி பத்து நாற்பது. பத்தரைக்கே ராகு காலம் பிறந்துவிட்டது. ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பன்னிரண்டு மணி வரை ஓர் எழுத்துகூட அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். முதலாளி கையைப் பிசைந்தார். மேரிதான் ஒரு வழி சொன்னாள். கணினியின் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, "ஆச்சி, மிஷினுக்கு இப்ப மணி ஒம்பது இருவதுதான், நல்ல நேரம்" என்றாள். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் மணியைப் பார்த்தார். திருப்தி. கூடவே இன்னொரு யோசனையும் வந்தது. "தேய்பிறையில எதுக்கும்மா ஆரம்பிக்கணும்? அப்பிடியே தேதியையும் வளர்பிறையில போட்டுரு" என்றார். முதலாளி பஞ்சாங்கத்தைப் புரட்டி, இருபத்தொரு நாளுக்கு முந்தைய தேதி ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொன்னார். எடுத்த காரியம் முடிகிற வரைக்கும் அதை மாற்றக் கூடாது என்பது ஆச்சியின் உத்தரவு.

"நான் சர்ச்சுக்குப் போறவ சார். எனக்கு எல்லா நேரமும் ஒண்ணுதான். முதலாளிதான் தேதி சொன்னாக, நான் போட்டேன்" என்றாள் மேரி.

ராகுவையே ஏமாற்றிய கணினிக்கு என்னை ஏமாற்றுவது பெரிய காரியமா? கோப்பின் தேதியை விரல் வைத்துப் பார்த்த நான், இன்றைக்கு என்ன தேதி என்று அந்தக் கணினியிடம் கேட்கவில்லை. என் சட்டைப்பையில் இருந்த டைரியின் தேதிதான் உலகம் முழுக்க நடப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெரிய கோப்பு எது என்பதையும் அவளே சொன்னாள். காலையில் மலரைச் சேமித்தபோது பாதியில் இடம் தீர்ந்தது, அதே நேரத்தில் கரண்டும் போனது. திரும்பி வந்து பார்த்தால் மலரின் அசல் கோப்பு திறக்கவில்லை. ஆனால் புரோகிராம் தனக்காக எழுதி வைத்திருந்த பிரதி டெம்பில் பத்திரமாக இருந்தது. முன்பு ஒருமுறை கரண்டு போனபோது அப்படி ஒன்றைத் திறந்து வேலையை மீட்டிருக்கிறாள். இந்த முறை திறக்க இடம் இல்லை. இடம் பண்ணிக் கொடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நானும் பண்ணிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வளவும் கேட்டபோது என் விரல் இன்னும் என்டர்மேல்தான் இருந்தது. அழித்த கோப்பு டிஸ்கைவிட்டு உடனே போய்விடாது, அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரை அங்கேயேதான் கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். என்டரைத் தட்டினால் எல்லாம் நகர்ந்து, அடுக்கப்பட்டு, அந்தக் கோப்பின் தடமே இல்லாமல் போயிருக்கும். அழித்தது நான் என்று யாராலும் காட்ட முடியாது. காலையில் கரண்டு போனதைத் தெருவே பார்த்திருக்கிறது. கரண்டுதான் தின்றுவிட்டது என்று சொன்னால் முதலாளி நம்புவார், மதுரையும் நம்பும். அந்த யோசனை எனக்கு வந்தது. ஒரு நொடிதான், ஆனால் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"விரல எடுங்க சார்" என்றாள் மேரி.

எடுத்தேன். கணினியை முறைப்படி மூடப் போய், அதிலும் ஏதாவது எழுதிவிடுமோ என்ற பயத்தில், நேராகச் சுவிட்சையே அணைத்தேன். திரை இருண்டதைப் பார்த்து முதலாளி உள்ளே வந்தார்.

"என்னாச்சு தம்பி? சரி பண்ணிட்டீகளா?"

நேர்மையானவன் சொல்லியிருக்க வேண்டிய பதில் இரண்டே சொல். நான் பெரிய வாக்கியமாகச் சொன்னேன். "கணினியில தேதியை மாத்தி வெச்சிருக்காங்க சார். அப்படிச் செய்யக் கூடாது. அதனால கோப்பு அழிஞ்சுபோச்சு." எந்தச் சொல்லும் பொய்யில்லை. அழித்தவன் யார் என்பது மட்டும் அதில் இல்லை. இந்த மாதிரி வாக்கியம் அமைக்க நம் தொழிலில் ரொம்ப நாள் பழக வேண்டியதில்லை, ஆறு மாதம் போதும்.

முதலாளி மேரியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, எதைத் தொட்டா என்னாகும்னு தெரியாம ஏன் தொடுற? ஏழு வீட்டுச் செட்டியாருக்கு நான் என்ன பதில் சொல்றது? சாயங்காலம் பஸ்ஸுக்கு இது போகணும். போகலைன்னா நீ நாளையிலருந்து வர வேணாம்."

தேதியைப் பஞ்சாங்கம் பார்த்துச் சொன்ன ஆள் அவர். கோப்பை அழித்த ஆள் நான். இரண்டு பேரும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் என்னைப் பார்த்தாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் அழவில்லை.

முதலாளி முன்பக்கம் போனதும், "எடுக்க முடியுமா சார்?" என்று கேட்டாள்.

முடியும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. என் பெட்டியில் இருந்த பிளாப்பியைப் போட்டு, அதிலிருந்தே கணினியைக் கிளப்பினேன். அதில் இருந்த மீட்புப் புரோகிராம் அழிந்ததைப் பட்டியல் போட்டது. முப்பத்து நான்கு கோப்புகள். அழித்த கோப்பின் முதல் எழுத்தை, அந்தக் காலத்துக் கணினியை ஓட்டிய டாஸ் தொலைத்துவிடும், அந்த இடத்தில் கேள்விக்குறி நிற்கும். எல்லாப் பெயரும் ஏறக்குறைய ஒரே மாதிரி. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒன்றை மீட்கும்போது அது பக்கத்து இடங்களையும் தன்னுடையது என்று சேர்த்துக்கொள்ளலாம். தப்பான கோப்பை முதலில் எழுப்பினால், சரியான கோப்பின் உடம்பிலிருந்து நாலு துண்டை அது எடுத்துக்கொண்டு போய்விடும். முதல் தேர்வு சரியாக இருக்க வேண்டும். ஒன்பது எம்.பி. ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் கூர்ந்து பார்த்தால் அதே அளவில் இன்னொன்றும் இருந்தது. ஒரே நாள் தேதி, மணிதான் வேறு. ஒன்று காலை ஒன்பது மணி. இன்னொன்று எட்டேகால். முதல் தடவை பார்த்தபோது இரண்டையும் ஒன்றாகவே பார்த்திருக்கிறேன். அவ்வளவு கவனம்.

பத்தே நிமிடத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் யாரையும் கேட்காமல் முப்பத்து நான்கு முடிவு எடுத்தவன், இப்போது ஒரு முடிவு எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வரி அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"கரண்டு எத்தனை மணிக்குப் போச்சு?" என்று கேட்டேன்.

"பத்து இருவதுக்கு. மிஷினு ஒரு மணி இருவது நிமிசம் பின்னால ஓடுது. அப்ப மிஷினுக்கு ஒம்பது" என்றாள். விரலை மடக்கக்கூட இல்லை. "எட்டேகால்ல இருக்கது, நம்ம கடிகாரத்துல ஒம்பது முப்பத்தஞ்சுக்கு ஒருதரம் மிஷினு நின்னு போச்சு, அப்ப விட்டுப்போனது. அதுல இன்னைக்கு அடிச்சது இருக்காது. ஒம்பது மணியத்தான் எடுக்கணும்."

மூன்று வாரமாக இரண்டு கடிகாரத்தில் ஒரே நேரத்தில் வாழ்ந்தவளுக்குத்தான் அந்தக் கணக்கு வரும். ஒன்பது மணிக் கோப்பை எழுப்பினேன். முதல் எழுத்து என்ன என்று டாஸ் கேட்டது. அதையும் அவளே சொன்னாள். பிறகு மலரைத் திறந்தோம். முதல் பக்கத்தில் பிள்ளையார் வந்தார். அவள் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாள். பங்காளி வீட்டுப் பெயர்கள் வந்தன. வரிசையை வாய்க்குள்ளேயே சொல்லிச் சரிபார்த்தாள். தொண்ணூற்றிரண்டாம் பக்கம் வரைக்கும் சுத்தமாக இருந்தது. கடைசி நாலு பக்கம் வெறும் கோணல் எழுத்து.

"நாலுதான சார். அடிச்சுருவேன்" என்றாள். முதலில் தேதியைச் சரி பண்ணிவிடலாமா என்று நான் கேட்டேன். காரியம் முடியட்டும் என்றாள். அதில் கிண்டல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்று மணிக்கு நாலு பக்கமும் முடிந்தது. பிரிண்டர் ஒரு பக்கம் துப்ப எடுத்துக்கொண்ட நேரத்தில் இன்றைக்கு நீங்கள் ஒரு படமே பார்த்துவிடுவீர்கள். ஐந்தேகாலுக்குக் கட்டு தயாரானது. நான் காப்பியைக் குடிக்கவே இல்லை. வடை ஆறிப்போய் அப்படியே இருந்தது. நாலு மணிக்கே ஆச்சி வந்து உட்கார்ந்திருந்தார், நடந்ததை முதலாளி தன் பாணியில் சொல்லிவிட்டிருந்தார்.

"அழிஞ்சு போனதையே எடுத்துக் குடுத்தாக ஆச்சி. மதுரையில படிச்ச புள்ள" என்றார் முதலாளி.

"நல்ல நேரத்துல ஆரம்பிச்சது வீண் போகுமா?" என்றார் ஆச்சி. "தம்பி நல்லா இருக்கணும்."

ஆக, பாதிப் பெருமை நல்ல நேரத்துக்கு, பாதி எனக்கு. பங்கு பிரித்ததில் மேரிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவளுக்கு வேலை மிஞ்சியது. கட்டு பஸ் ஏறியதும், நாளைக்குச் சீக்கிரம் வரச் சொன்னார் முதலாளி. அவள் நாற்காலியில் சாய்ந்து ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். அதுதான் அன்றைக்கு அவள் காட்டிய ஒரே உணர்ச்சி.

நம் சர்வீஸ் ரிப்போர்ட் உங்களுக்குத் தெரியும். அப்போதும் அதே படிவம்தான், ஒன்று வாடிக்கையாளருக்கு, ஒன்று அலுவலகத்துக்கு. கீழே வாடிக்கையாளர் கருத்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதலாளி ஆச்சியை வழியனுப்பிக்கொண்டிருந்தார். "நீயே எழுதிக் குடும்மா" என்றார். மேரி குனிந்து இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், படிக்காமலே மடித்துப் பைக்குள் வைத்தேன். மறுநாள் தபாலில் மதுரைக்கு அனுப்பினேன்.

அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் என் புகழ் பரவிய வேகம் இருக்கிறதே, வலையபட்டியில் ஒரு வீட்டில் என்னைப் பார்த்ததும், அழிந்த பைலை வரவழைக்கிறவர் இவர்தான் என்று உள்ளேயிருந்து ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். எனக்குக் கூசியது. ஒரு மாதம் தாங்கினேன். வழக்கமான பராமரிப்புக்கு அந்த அச்சகத்துக்குப் போனபோது முதலாளியை உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன்.

"சார், அன்னைக்கு மேரி மேல தப்பே இல்ல. அந்தப் பைல அழிச்சதே நான்தான். கேக்காம அழிச்சேன்."

முதலாளி என் தோளைத் தட்டினார். பிறகு சிரித்துவிட்டார்.

"அந்தப் புள்ளைய நான் வஞ்சேன்னு உங்களுக்கு மனசு கேக்கல. அதுக்காகப் பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிறீக. இந்த மனசு யாருக்குத் தம்பி வரும்?"

சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் பெருந்தன்மை கூடிக்கொண்டே போனது. கடைசியில் எனக்கு இன்னொரு காப்பி சொன்னார். உண்மையை ஒரு மாதம் கழித்துச் சொன்னால் அதற்கு இந்த மரியாதைதான் கிடைக்கும். முதல் நாளே, அவள் திட்டு வாங்குவதற்கு முன்னால், சொல்லியிருக்க வேண்டும்.

முதலாளி நகர்ந்ததும், கணினித் திரைக்குப் பின்னாலிருந்து மேரி சொன்னாள்: "விடுங்க சார். நான்தான் அன்னைக்கே ரிப்போர்ட்ல எழுதிட்டேனே. நீங்க படிக்கலையா?"

அடுத்த வாரம் கூட்டத்துக்காக மதுரை போனேன். மேலாளர் அறையில் அந்த மாதத்துச் சர்வீஸ் ரிப்போர்ட்டுகளை ஒரு கோப்பில் கோத்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தள்ளி அந்தத் தாளை எடுத்தேன். வாடிக்கையாளர் கருத்து என்ற இடத்தில், தட்டச்சுக்காரிக்கே உரிய சீரான கையெழுத்தில் இப்படி இருந்தது:

'கேட்காமல் அழித்தவர் இவர். கேட்டு மீட்டவரும் இவரே. கடைசி நாலு பக்கம் நான் அடித்தேன்.'

அதற்குக் கீழே, சிவப்பு மையில், எங்கள் மேலாளர் கையெழுத்துப் போட்டு எழுதியிருந்தார்: 'மிக நன்று. இதே போல் தொடரவும்.'

மேலாளரிடம் கேட்டு, அந்தத் தாளின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று அவர் கேட்டார். பாராட்டியிருக்கிறீர்களே, வைத்துக்கொள்கிறேன் என்றேன். இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தேதி ரொம்பப் பழசு. அதை மட்டும் எறிந்துவிடாதே என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.